பல்லியின் சம்மதம்

செல்லப்பா ஒரு வாக்கியத்தை உரக்கச் சொல்வான். பிறகு காத்திருப்பான். சுவரில் மாட்டியிருக்கும் மனைவி ஞானேஸ்வரியின் படத்துக்குப் பின்னாலிருந்து ‘ச்சு, ச்சு, ச்சு’ என்று பல்லி மூன்று தரம் சொன்னால் அந்தக் காரியம் நடக்கும். சொல்லாவிட்டால் நடக்காது. எட்டு மாதமாக அவன் சீவியம் இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

பேச்சுக்கு நடுவே பல்லி சொன்னால் பேசியது மெய் என்பார்கள். கேட்டவர் விரலை மடக்கி மூன்று தட்டுத் தட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். ஞானேஸ்வரியும் அதை விளையாட்டாகத்தான் வைத்திருந்தாள். கட்டிய புதிதில் புருஷனைப் பற்றி அவள் கண்டுபிடித்த முதல் விஷயம், யாரையாவது கேட்காமல் அவன் கறிக்கு உப்புக்கூடப் போடமாட்டான் என்பதுதான். சட்டை எடுக்கப் போனால் கடைக்காரனைக் கேட்பான். முடி வெட்டப் போனால் பக்கத்துக் கதிரையில் இருப்பவனைக் கேட்பான்.

“இன்னும் பல்லிகிட்டதான் நீங்க கேக்கல,” என்றாள் ஒரு நாள். அந்த நேரம் பார்த்து முகட்டில் ஒரு பல்லி சொன்னது. இருவரும் சிரித்த சிரிப்பில், கீழ்வீட்டிலிருந்து ஹவ்வா உம்மா “என்ன மகன் அங்க?” என்று கூப்பிட்டுக் கேட்டார். கட்டுகஸ்தோட்டையில் அந்த வீட்டின் மேல்மாடியை அவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தவர் அவர்தான்.

சித்திரையில் ஞானேஸ்வரிக்கு வயிற்றுவலி வந்தது. செல்லப்பா முதலில் அவளையே கேட்டான். கொஞ்சம் பார்ப்போம் என்றாள். மருந்துக்கடைக்காரரைக் கேட்டான். அவளுடைய அண்ணனுக்கு டெலிபோன் எடுத்துக் கேட்டான். நாலாவதாகக் கேட்டது ஒரு வாடகைக் கார்க்காரரை. “கேட்டுக்கிட்டா நிக்கிறீங்க? ஏத்துங்க,” என்றார் அவர். ஆஸ்பத்திரியில் அவனை யாரும் குற்றம் சொல்லவில்லை. கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்று ஒரு தாதி மட்டும் சொன்னாள்.

அவன் அழவில்லை. கலியாணப் படத்திலிருந்து அவளை மட்டும் பெருப்பித்துச் சட்டம் போட்டு மாட்டினான். ஓரத்தில் அவன் தோளின் ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. கருமாதிக் காரியங்கள் எல்லாம் முடிந்த மறுநாள், படத்தைப் பார்த்து, “நாளைக்கு வேலைக்குப் போறேன்,” என்றான். படத்துக்குப் பின்னால் பல்லி சொன்னது. போனான்.

பேராதனையில் படித்தவன். கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில், மலைச்சரிவுகளையும் தாங்குசுவர்களையும் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது அவன் உத்தியோகம். அளவுகள் பிசகாது. ஆனால் எந்த அறிக்கையும் முடிவு என்று ஒன்றைச் சொல்லாது. ‘மேலிடத்து ஆலோசனைக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்’ என்று முடியும்.

மார்கழி மழையில், ஒரு செவ்வாய்க்கிழமை, பன்விலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு அவனை அனுப்பினார்கள். தோட்டங்களை அரசாங்கம் எடுத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்தில் ஒரே வரிசையாகப் பன்னிரண்டு ஒற்றையறை வீடுகள், காம்பராக்கள். அறுபது பேர் இருந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் வீரய்யா குடையோடு வந்து அவனைக் கூட்டிப்போனார்.

கடைசிக் காம்பராவில் இருந்த வேலாயி தன் கதவைக் காட்டினாள்.

“ஞாயித்துக்கெழம நல்லா சாத்துச்சு சார். நேத்து இடிச்சுத் தள்ளிச் சாத்துனேன். இன்னிக்கு நெலக்கால் கதவ உள்ள வாங்க மாட்டேங்குது.”

“மழைக்கு ஊதியிருக்கும்,” என்றார் வீரய்யா.

“தகரக் கதவு ஊதுமா தலைவரே? நீங்கதான் ஊதிப் போயிருக்கீங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அந்த இடம் மிகவும் அமைதியாக இருப்பது செல்லப்பாவுக்குத் தெரிந்தது. நாய் இல்லை. குருவிச் சத்தம் இல்லை. குடிதண்ணீர் எடுக்கும் பீலியில் தண்ணீர் பால்தேத்தண்ணி நிறத்தில் விழுந்துகொண்டிருந்தது.

“கோழியப் பாருங்க,” என்றாள் வேலாயி. “நாலு நாளா கூட்டுக்குள்ள அடைய மாட்டேங்குது. நனைஞ்சாலும் பரவாயில்லன்னு தேயிலைக்குள்ள ஒக்காந்துக்கிட்டு வீட்டையே பாத்துக்கிட்டிருக்கு.”

பார்த்தான். தேயிலைச் செடிகளுக்கு அடியில் ஏழெட்டுக் கோழிகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. எல்லாம் லயத்தின் பக்கமே முகம் திருப்பியிருந்தன.

லயத்துக்குப் பின்னால், மேட்டில், செடிகளுக்கு ஊடாக மண் நீளமாக வெடித்திருந்தது. யாரோ அதன்மேல் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். அவன் சாக்கை நீக்கி, வெடிப்பின் இரு பக்கமும் முளை அடித்து, நடுவே நூல்கயிறு கட்டி, கொஞ்சம் தொங்கவிட்டான். காலை பத்து மணிக்கு ஒன்றரை அங்குலம். பின்நேரம் மூன்று மணிக்கு இரண்டேகால். குனிந்து அளந்தபோது காலுக்குக் கீழே ஆழத்தில் ஒரு சத்தம் கேட்டது. பெரிய பாய் ஒன்றை யாரோ மெதுவாக இழுத்துக்கொண்டு போவதைப் போல.

“என்ன சார், பயமில்லையே?” என்று கேட்டார் வீரய்யா.

“மேல கேட்டுச் சொல்றேன்,” என்றான் செல்லப்பா.

மறுநாள் அலுவலகத்தில், யாழ்ப்பாணத்துக்காரரான பொறியியலாளர் நடராஜா அவனுடைய அளவுகளைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“ஒரு வெடிப்பைக் கண்டிட்டு அறுபது சனத்தை வீட்டைவிட்டு எழுப்பச் சொல்லுறீரோ? விசரே உமக்கு? எழும்பின பிறகு மலை விழேல்லையெண்டால் தோட்டத்துத் துரைக்கு ஆர் பதில் சொல்லுறது?”

“அவசரம்னா இடத்துக்குப் போன உத்தியோகத்தரே எழுப்பலாம்னு சுற்றறிக்கையில ஒரு வரி இருக்குங்க ஐயா.”

“ஓம், இருக்கு. அந்த வரியை ஆரும் பாவிச்சதைக் கண்டிருக்கிறீரோ?”

“இல்லைங்க.”

“அப்ப இரும். கொழும்பிலயிருந்து ஆள் அடுத்த செவ்வாய் வருவினம். அவை வந்து சொல்லட்டும்.”

அந்தி நேரம் அறைக்கு வந்து, ஈரச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படத்துக்கு முன்னால் நின்றான். சுவரில் மழைநீர் கசிந்து படத்தைச் சுற்றிக் கறுப்பாகப் பரவியிருந்தது.

“மேல் லயத்தைக் காலி பண்ணணும்,” என்றான்.

ஒன்றும் இல்லை. மழை மட்டும் ஓட்டில் விழுந்தது.

இன்னொரு தரம் சொன்னான். ஒன்றும் இல்லை.

“கொழும்பு ஆள் வரும்வரைக்கும் பொறுக்கலாம்.”

ச்சு, ச்சு, ச்சு.

உடம்பு லேசாகியது. மேசையில் மூன்று தட்டுத் தட்டினான். சாப்பிட்டான். படுத்தான். இந்த லேசு அவனுக்குப் பழக்கமான லேசு. சித்திரையில் அவள் “கொஞ்சம் பார்ப்போம்” என்றபோதும் உடம்பு இப்படித்தான் லேசாகியிருந்தது. அந்த நினைப்பு வந்ததும் கண்ணைத் திறந்தான். பிறகு மூடவில்லை.

வியாழன் காலையில் ஹவ்வா உம்மாவின் மகன் பஹ்மி ஏணியோடு மேலே வந்தான். பிலிமத்தலாவையில் ஹாட்வெயார் கடையில் நிற்பவன். தாய் சொன்னால் வீட்டுக்கூரையும் பார்ப்பான். ஹவ்வா உம்மா மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

“சுவரெல்லாம் ஊறிப்போச்சு அண்ணன். அந்தப் படத்தக் கழட்டணும்,” என்றான் பஹ்மி.

செல்லப்பா வழக்கப்படி படத்தைப் பார்த்து, “கழட்டலாம்,” என்று உரக்கச் சொன்னான்.

ச்சு, ச்சு, ச்சு.

பஹ்மி அவனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தாயைப் பார்த்தான். ஏணியில் ஏறிப் படத்தைத் தூக்கினான்.

படத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்து ஏதோ ஒன்று காய்ந்த இலைபோலச் சுழன்று தரையில் விழுந்தது. பல்லி. சட்டத்தின் கட்டைக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கித் தட்டையாகிப்போன பல்லி. கண் இருந்த இடத்தில் ஓட்டை. உடம்புமேல் சிலந்தி கூடு கட்டி, அந்தக் கூடும் பழசாகியிருந்தது.

ஹவ்வா உம்மா குனிந்து பார்த்தார். “இது எப்பவோ மௌத்தாப் போன சாமான் மகன். எலும்பு தெரியிது.”

“இல்ல உம்மா. இப்பத்தானே சொல்லிச்சு. நீங்களும் கேட்டீங்கதானே?”

ஹவ்வா உம்மா முக்காட்டைச் சரிசெய்தார். ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

“மகன், அது நீங்க.”

“நானா?”

“ஒங்கட நாக்கு. எத்தின மாசமா நாங்க கீழ ஈந்து கேக்கிறம். நீங்க என்னமோ செல்லுவீங்க. பொறகு நாக்கத் தட்டுவீங்க. பொஞ்சாதி போன மனுசன், ஒண்டும் கேக்கப்படாதுண்டு நான்தான் சும்மா ஈந்தன். இவன் கேக்கப்போறண்டு நிண்டான். நான் விடல்ல.”

பஹ்மி ஏணியின் உச்சியில் படத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றான். படத்துக்குள்ளிருந்து ஞானேஸ்வரி கூரையைப் பார்த்தாள்.

செல்லப்பா உள்ளங்கையால் வாயை அழுத்தி மூடினான். மனசுக்குள் சொன்னான்: பொறுக்கலாம். கைக்குள் உதடு அசையவில்லை. ஆனால் உள்ளே நாக்கு எழும்பி மேலண்ணத்தில் ஒட்டி விலகியது. ஒட்டி விலகியது. ஒட்டி விலகியது. அவன் அதைச் செய்யவில்லை. அது நடந்தது. சத்தம் வாயிலிருந்து வந்ததாகவே அவனுக்குக் கேட்கவில்லை. எப்போதும்போலச் சுவரிலிருந்துதான் கேட்டது. சுவரில் இப்போது ஓர் ஆணி மட்டும் இருந்தது.

கையை எடுத்தான்.

எட்டு மாதமாக அது எதற்கெல்லாம் சம்மதித்தது என்று நினைத்துப் பார்த்தான். நாளைக்குப் பார்க்கலாம். எழுதி அனுப்பலாம். இன்றைக்கு யாரையும் பார்க்க வேண்டாம். அவன் பயப்படாத ஒரு காரியத்துக்குக்கூட அது மாட்டேன் என்றதில்லை. பயப்பட்ட ஒரு காரியத்துக்குக்கூட ஓமென்றதில்லை.

“அண்ணன், டொக்டர்ட்ட ஒருக்கா காட்டுவமா?” என்று கேட்டான் பஹ்மி.

“பொறகு.” செல்லப்பா குடையை எடுத்தான்.

“எங்க போறீங்க மகன், சாப்பிடாம?”

“பன்விலைக்கு.”

பஸ் மடவளையைத் தாண்டும்போது நாக்கு தட்டத் தொடங்கியது. பொறுக்கலாம், பொறுக்கலாம் என்று அவன் நினைக்காமலே அது அடித்தது. முன் ஆசனத்துப் பெண் தலையைத் தூக்கி பஸ் கூரையில் தேடினாள். பிறகு கம்பியில் விரலால் மூன்று தட்டுத் தட்டிவிட்டு, பக்கத்திலிருந்தவளிடம், “பாத்தியா, நான் சொன்னது சரிதான்,” என்றாள். செல்லப்பா நாக்கைப் பல்லுக்குள் வைத்துக் கடித்தான். இரத்தம் கரித்தது. பல்லை எடுத்ததும் மறுபடி அடித்தது.

லயத்துக்குப் பின்னால் முளைகள் இரண்டும் நின்றன. நடுவே கயிறு அறுந்து கிடந்தது.

“மாடு மிதிச்சிருக்கும் சார்,” என்றார் வீரய்யா.

இருக்கலாம். அப்படி இல்லை என்று சொல்ல அவனிடம் சாட்சி இல்லை. வெடிப்பில் அளவுகோலை வைத்தான். நாலரை அங்குலம். எழுதிக்கொண்டான். எழுந்து லயத்தின் முன்பக்கம் வந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த பெண்கள் வாசலில் நின்றார்கள்.

“எல்லாரும் வெளியே வாங்க. சாமானை எடுங்க. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போறோம். இன்னிக்கே.”

யாரும் நகரவில்லை.

“பெரிய ஐயா கடுதாசி குடுத்தாருங்களா?” என்று கேட்டார் வீரய்யா.

“இல்ல.”

“தொரை சொன்னாருங்களா?”

“இல்ல.”

“அப்ப யாரு சொல்றது?”

வாய்க்குள் நாக்கு எழும்பியது. ச்சு, ச்சு, ச்சு. முன்னால் நின்ற பெண்ணொருத்தி சத்தம் வந்த திசையைத் தேடிக் கூரையைப் பார்த்தாள். அவன் அது அடித்து முடிக்கும்வரை நிற்கவில்லை. அதன் மேலேயே பேசினான். சொற்கள் உடைந்து உடைந்து வந்தன.

“நான். நான் அளந்தேன். நான் சொல்றேன்.”

“நீங்க சொன்னா மலை கேக்குமா சார்?” என்றாள் வேலாயி. ஓரிருவர் சிரித்தார்கள்.

செல்லப்பா வேலாயியின் காம்பராவுக்குள் குனிந்து போய், அம்மிக்கல்லைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். மெலிந்த உடம்பு. கால் தடுமாறியது. அதோடு வாசலைத் தாண்டி மழைக்குள் இறங்கி நடந்தான்.

“அட, என் அம்மி! எங்க தூக்கிட்டுப் போறாரு இந்த மனுசன்?” வேலாயி பின்னால் ஓடினாள். “காலேசுல படிச்ச ஆளுக்கு அம்மி தூக்கத் தெரியுதா பாரு! போட்டு ஒடச்சிராதீங்க சார்!”

சரிவுக்கு ஒதுங்கி நின்ற மடுவக் கொட்டகையில் அம்மியை வைத்துவிட்டுத் திரும்பி வந்து, அவளுடைய தண்ணிக்குடத்தைத் தூக்கினான். மூன்றாம் நடைக்கு வந்தபோது வேலாயி தானே பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். “கிறுக்கனா இருந்தாலும் சொமக்கிற கிறுக்கன்,” என்று பக்கத்துக் காம்பராவுக்குச் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் பன்னிரண்டு காம்பராவும் காலியாகிவிட்டன. கோழிகள் கூப்பிடாமலே மடுவத்துக்கு வந்து சேர்ந்தன.

மலை விழவில்லை.

வெள்ளிக்கிழமை விழவில்லை. சனிக்கிழமையும் விழவில்லை. மடுவத்தில் ஈரக் கொழுந்து நெடியில் அறுபது பேர் முட்டிமோதிக்கொண்டு கிடந்தார்கள். குழந்தைகள் இருமின. தொரை ஜீப்பில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். “ஒரு ஆள் பேச்சக் கேட்டு ஊரையே தெருவுல வச்சிட்டேன்னு என்னயத்தான் ஏசுறாங்க,” என்றார் வீரய்யா. ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்து ஆள் ஒருவர் நடராஜாவின் கடிதத்தைக் கொண்டுவந்தார். யாருடைய அனுமதியின் பேரில் குடியிருப்பாளர்களை எழுப்பினீர் என்று விளக்கம் கேட்டிருந்தது. செல்லப்பா அதே தாளின் அடியில், ‘என்னுடையதன் பேரில்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தனுப்பினான்.

அவன் மடுவத்தின் மூலையில் ஒரு சாக்கில் படுத்தான். காலையும் மாலையும் போய் அளந்தான். நாக்கு தன் பாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. அடிக்கட்டும் என்று விட்டான். மழையைப் போல, இருமலைப் போல அதுவும் ஒரு சத்தம். ஒரு பிள்ளை அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வாயைப் பார்த்து, அதேபோல் தட்டிக் காட்டியது. அவன் தலையை ஆட்டினான். ஞானேஸ்வரி இருந்திருந்தால் சிரித்திருப்பாள் என்று நினைத்தான். அவள் சரி என்றிருப்பாளா என்று நினைக்கவில்லை. அதை நினைக்கவில்லை என்பது அவனுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை மழை விட்டிருந்தது. கொழும்பிலிருந்து வந்த அதிகாரியோடு நடராஜா ஜீப்பில் வந்து இறங்கினார். அதிகாரி சொன்னதும் திரும்பிப் போய்விடுவது என்று சனங்கள் பாயும் பானையுமாகத் தயாராக நின்றார்கள். எல்லோருமாக மேட்டுப்பாதையில் ஏறினார்கள். வேலாயிதான் முன்னால் போனாள். லயத்தின் வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

“என்ன?” என்றார் வீரய்யா.

“வாசப்படி இங்க இருக்கு தலைவரே. வீடு அங்க இருக்கு.”

பன்னிரண்டு கல் வாசற்படிகளும் பழைய இடத்தில் வரிசையாகக் கிடந்தன. பன்னிரண்டு காம்பராக்களும் அவற்றை விட்டு மூன்று முழம் கீழே போய் நின்றன. சுவர் சரியவில்லை. கூரைத் தகரத்தில் காற்றுக்கு வைத்த கற்கள்கூட வைத்த இடத்தில் இருந்தன. இரவில் எவருக்கும் ஒரு சத்தம் கேட்கவில்லை. முழு லயமும் விழித்து எழுந்து ஓரடி எடுத்து வைத்துவிட்டு, பார்த்துவிட்டார்களே என்று நின்றதுபோல இருந்தது. திறந்தே கிடந்த வேலாயியின் தகரக் கதவு இப்போது இறுக்கமாகச் சாத்தியிருந்தது. உள்ளே இருந்து யாரோ சாத்தியதுபோல.

 பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சார் சொன்னது சரி என்றார்கள் சிலர். நிக்கத்தானே செய்யுது, விழலயே என்றார்கள் சிலர். அதிகாரி தரையில் குந்தி மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“விழேல்லைத்தான்,” என்றார் நடராஜா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. “எண்டாலும்... நீர் செய்ததில பிழையில்லை எண்டு நான் எழுதலாம் காணும். இவரும் என்ன சொல்லுறார் எண்டு கேப்பம். வாரும்.”

செல்லப்பா சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நூறு யார் கீழே, கீழ் லயத்தின் கூரைகளிலிருந்து காலைப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. பதினான்கு காம்பராக்கள். மேலே மூன்று முழம் இறங்கிய மண் தன் பாரம் முழுவதையும் அந்தப் பக்கம் சாய்த்திருந்தது.

அவன் முளைகளை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

“சார், கீழ் லயத்துக்குமா?” வீரய்யா பாதிவழி பின்னால் ஓடிவந்தார். “கொழும்பு ஐயா இங்கதானே நிக்கிறாரு. ஒரு வார்த்த கேட்டுட்டுப் போங்க!”

மேலே நடராஜாவும் கூப்பிட்டார். செல்லப்பா முதல் கதவைத் தட்டினான். ஓர் இளம் பெண் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

“பாயைச் சுருட்டுங்க அம்மா. மடுவத்துக்குப் போகணும்.”

“உலையில சோறு கொதிக்குதுங்க சார்.”

“பானையோட எடுங்க,” என்று சொல்லிவிட்டு அடுத்த கதவைத் தட்டினான்.